சுடுகாட்டுப் பூ

நித்தியகல்யாணிக்குச் சுடுகாட்டுப் பூ என்று இன்னொரு பெயர் உண்டு. ஒரே செடிக்கு மங்கலமாக ஒன்று, அமங்கலமாக ஒன்று. வருஷம் முழுவதும் பூப்பதால் முதல் பெயர். யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில், சமாதிகளுக்கு நடுவில்கூட, தானாக வளர்ந்துவிடுவதால் இரண்டாவது. அசோக் நகரில் ஹவுசிங் போர்டு குடியிருப்புகளின் மாடிப்படி ஓரங்களில், உடைந்த பிளாஸ்டிக் வாளிகளில் இதைப் பார்க்கலாம். பறித்துச் சுவாமிக்கு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் வைக்கக் கூடாது என்று பிடுங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தச் செடியின் இலையிலிருந்து எடுக்கப்பட்ட பொருள்தான் உலகம் முழுவதும் புற்றுநோய் வார்டுகளில் ரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படுகிறது என்பது இரு தரப்பாரிலும் அநேகருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கும் வெகுநாள் வரை இருக்கவில்லை. நண்பர்களுக்குள் நடந்த ஒரு விவாதமும் வீட்டில் வந்த ஒரு நோயும் ஒரே சமயத்தில் நேர்ந்ததால் யோசிக்கும்படி ஆயிற்று.

விவாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்தில் மரபு, நவீனம் என்ற இரண்டு வார்த்தைகள் அகப்பட்டால் டீ ஆறிப்போகும். அசோகர் தூணுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கவிஞ நண்பர் சொன்னார்: கீமோதெரபி என்பது மேற்கின் வன்முறை, உடம்பைப் போர்க்களமாகப் பார்க்கும் பார்வையின் விளைவு, நம் சித்தர்கள் உடம்பைக் கோயிலாகப் பார்த்தார்கள். கல்லூரியில் பௌதிகம் சொல்லித் தரும் இன்னொரு நண்பர் உடனே பதில் சொன்னார்: பாதரசத்தை விழுங்கச் சொல்கிறவனைப் பிடித்து ஜெயிலில் போட வேண்டும். இருவரும் படித்தவர்கள், இருவருடைய கோபமும் உண்மையானது. ஆனால் இருவர் வீட்டிலும் அப்போது நோயாளி இல்லை. என் வீட்டில் இருந்தார்.

கவிஞ நண்பர் இவான் இல்லிச்சை மேற்கோள் காட்டினார். மருத்துவம் தன் எல்லையைத் தாண்டிப் பெருத்து மனிதனிடமிருந்து அவனுடைய வலியையும் சாவையும் பிடுங்கிக்கொண்டுவிட்டது என்று 70களில் எழுதியவர் இல்லிச். அவர் முகத்தில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் பேச்சு போய்விடலாம் என்று தெரிந்ததும் அதை எடுக்காமல், வலியோடு பல வருஷங்கள் வாழ்ந்து 2002இல் இறந்தார். எழுதியபடி வாழ்ந்தவர் என்ற மரியாதை எனக்கு அவரிடம் உண்டு. ஆனால் அவர் எடுத்த முடிவு அவருடைய முகத்தைப் பற்றியது. அடுத்தவர் கழுத்திலிருக்கும் கட்டிக்கு அந்த முடிவை எடுத்துத் தர இல்லிச்சைப் படித்திருப்பது போதாது.

என் அத்தை, அப்பாவின் தங்கை, 62 வயதில் கழுத்தில் நெறிகட்டியதென்று ஒரு மாதம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். பயாப்சியில் லிம்ஃபோமா என்று வந்தது. சீட்டில் 'சாப்' என்று எழுதியிருந்தார்கள். நாலு மருந்துகளின் பெயர்களில் முதலெழுத்துக்களைச் சேர்த்த வார்த்தை அது. 21 நாளைக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை. இங்கிலீஷ் வைத்தியம் என்று நாம் மொத்தமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்த நாலும் எங்கிருந்து வந்தவை என்று ராத்திரிகளில் உட்கார்ந்து படித்தேன். பாங்க் குமாஸ்தாவுக்கு ஒவ்வொரு தொகையும் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பார்க்கிற பழக்கம் போகாது.

முதலாவது சைக்ளோபாஸ்ஃபமைடு. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற கடுகு வாயுவின் உறவு. இரண்டாவது டாக்சோரூபிசின், பார்க்கச் சிவப்பாக இருப்பது, ஏற்றினால் தலைமயிர் கொட்டுவது. இது இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்றின் அருகே எடுத்த மண்ணில் அகப்பட்ட நுண்ணுயிரின் வம்சம் தந்தது. மூன்றாவது வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணியின் இலையிலிருந்து. நாலாவது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. இந்த வகைப் பொருள்களை மெக்ஸிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து தயாரித்த காலம் உண்டு. ஆக ஒரு யுத்தம், கொஞ்சம் மண், ஒரு இலை, ஒரு கிழங்கு. இதில் எது இங்கிலீஷ், எது நாட்டு வைத்தியம்? ரசாயனம் ஒரு பக்கம், பச்சிலை ஒரு பக்கம் என்று நாம் போட்டுவைத்திருக்கும் கோடு மருந்துக்குள் இல்லை.

வின்கிரிஸ்டினின் கதை இரு தரப்பு நண்பர்களுக்குமே அசௌகரியமானது. நித்தியகல்யாணி நம் ஊர்ச் செடியே அல்ல. மடகாஸ்கரில் தோன்றி, கப்பல்களோடு வெப்ப நாடுகள் முழுக்கப் பரவியது. பல நாடுகளில் இதன் இலைக் கஷாயத்தைச் சர்க்கரை வியாதிக்குக் குடித்தார்கள். 1952இல் ஜமைக்காவிலிருந்து ஒரு நோயாளி டாக்டர் கிளார்க் நோபிளுக்குக் கொஞ்சம் இலைகளை அனுப்பினார். அவர் அதைக் கனடாவின் வெஸ்டர்ன் ஆன்டாரியோ பல்கலைக்கழகத்திலிருந்த தன் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்ததில் சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டபோது எலிகள் சில நாட்களில் தொற்று கண்டு செத்தன. பார்த்தால் அவற்றின் வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுக்களை இப்படிக் குறைக்கிற பொருள், அவை கட்டுமீறிப் பெருகும் நோயில் என்ன செய்யும் என்ற கேள்வி அங்கே பிறந்தது. நோபிளும் சார்லஸ் பியர் என்ற ரசாயனரும் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனி தனியாக இதே செடியில் வேலை செய்து வின்கிரிஸ்டினைக் கண்டது. 1963இல் அது அனுமதி பெற்று வார்டுகளுக்கு வந்தது. அதற்கு முன் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் அநேகமாக இல்லை. வின்கிரிஸ்டினையும் மற்ற மருந்துகளையும் சேர்த்துத் தரும் சிகிச்சையில் இன்று பணக்கார நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இதில் நாட்டு வைத்தியம் சொன்னது தவறிப்போயிற்று. ஆனால் நாட்டு வைத்தியம் எதையோ சொல்லியிருக்காவிட்டால் இலை கனடாவுக்குப் போயிருக்காது. முன்னோர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்ல வழியில்லை. முன்னோர்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. நடுவில் ஒரு காரியம் நடந்திருக்கிறது. தவறிப்போனதைக் கவனித்து, எலியை அறுத்துப் பார்த்து, அளந்து குறித்துவைத்தார்களே, அதுதான்.

அளவு என்பது எவ்வளவு குரூரமானது என்பதற்கு இரண்டு தகவல்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் அதைவிடவும் அருமையாகவே கிடைக்கும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வானம் பார்த்த பூமியில் பயிரிட்டு இலையும் வேரும் ஏற்றுமதியாயிற்று. ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கு வின்கிரிஸ்டின் வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. அந்த 2 மில்லிகிராமிலேயே அத்தைக்கு விரல் நுனி மரத்து, ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்ட முடியாமல் போயிற்று. மலச்சிக்கல் நாலு நாள் உயிரை வாங்கியது. அது போகட்டும். ரத்தக் குழாயில் ஏற்றினால் உயிரைக் காப்பாற்றும் இந்த மருந்து, தப்பித்தவறி முதுகுத்தண்டு நீரில் ஏறிவிட்டால் அநேகமாகக் கொன்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுமளவுக்கு அந்தத் தவறு பல நாடுகளில் நடந்திருக்கிறது. மங்கலப் பெயரும் அமங்கலப் பெயரும் ஒரே செடிக்கு ஏன் என்று இதைப் படித்தபோது எனக்குப் பட்டது. பெயர் வைத்தவர்களுக்கு இது தெரியாது. இருந்தாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது தடவைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரலுக்கான எண்கள் பல மடங்கு ஏறியிருந்தன. மருந்து ஏற்றுவதைத் தள்ளிப் போட்டார்கள். "வேற ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அத்தை இல்லை என்று தலையாட்டினார். வீட்டில் அரிசி டின்னுக்குப் பின்னால் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கறுப்பாக ஒரு கஷாயம் இருந்தது. உறவுக்காரர் ஒருவர் எங்கிருந்தோ வாங்கிவந்து தந்திருக்கிறார். காலையும் மாலையும் அரை டம்ளர்.

"இலைதானே தம்பி. இலை என்ன பண்ணும்?" என்றார்.

"ஆஸ்பத்திரியில ஏத்தறாங்களே அத்தை, அதுவும் இலைதான்" என்றேன். நம்பவில்லை. அவ்வளவு விலைக்கு இலையை யார் விற்பார்கள் என்று கேட்டார்.

பாட்டிலை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வைத்தேன். என்ன இருக்கிறது இதில் என்று அவர் கேட்டார். வைத்தியருக்கு டெலிபோன் செய்தேன். பதினெட்டு மூலிகை, பெயர் சொல்வதற்கில்லை, குருவுக்குக் கொடுத்த வாக்கு என்றார். கஷாயத்தை நிறுத்தி இரண்டு வாரத்தில் எண்கள் இறங்கின, சிகிச்சை தொடர்ந்தது. கஷாயம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கீமோ மருந்துகளும் கல்லீரலைத் தொந்தரவு செய்யக் கூடியவை. விஷயமே அதுதான். எது காரணம் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை, வைத்தியராலும் முடியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றோடு கலக்கும்போது தெரிந்ததும் தெரியாததாகிவிடுகிறது.

அத்தை ஏன் மறைத்தார் என்பது எனக்கு முக்கியமான கேள்வியாக இருந்தது. பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. முதல் தடவை நாங்கள் காத்திருந்தபோது எங்களுக்கு முன்னால் இருந்த நோயாளியிடம், கண்ட குப்பையையும் குடித்துவிட்டு என்னிடம் வராதீர்கள் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அத்தை அதைக் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் வைத்தியர், இங்கிலீஷ் டாக்டரிடம் சொல்ல வேண்டாம், நிறுத்தச் சொல்வார்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து அவரை ஊமையாக்கினார்கள். இரண்டு வைத்தியங்களை ஒரே உடம்பில் சேர்த்துச் செய்வது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஊமைத்தனத்தைத்தான். உடம்புக்குள் அவை சந்தித்துக்கொள்கின்றன, வெளியே அவற்றைத் தருகிறவர்கள் சந்திப்பதில்லை.

பெயர் சொல்வதற்கில்லை என்ற அந்த வாக்கியத்தைப் பற்றி விமர்சகன் என்ற முறையில் சிலது சொல்ல வேண்டும். சித்த வைத்திய நூல்கள் செய்யுளில் இருக்கின்றன. பரிபாஷையில், வெளியாளுக்குப் புரியாத குழூஉக்குறிகளில் எழுதப்பட்டவை அநேகம். ஒரு பெயர் பல மூலிகையைக் குறிக்கும், ஒரு மூலிகைக்குப் பல பெயர் இருக்கும். இதைக் கவிதையாகப் படித்தால் எனக்குச் சந்தோஷம்தான். பொருள் மயக்கத்தை ஏழு வகையாகப் பிரித்து, அதுவே கவிதையின் வளம் என்று எம்ப்ஸன் 1930இல் புத்தகம் எழுதினார். பி.ஏ. இங்கிலீஷ் படித்த நாங்கள் அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவர்கள். ஒரு சொல்லில் இரண்டு அர்த்தம் தங்கினால் கவிதை பெருகுகிறது. ஒரு மருந்தில் இரண்டு அர்த்தம் தங்கினால் ஆள் போய்விடலாம்.

சீந்திலை எடுத்துக்கொள்வோம். அமிர்தவல்லி என்று பெயர் பெற்ற கொடி. கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு குடித்தார்கள். 2021இல் மும்பையிலிருந்து கல்லீரல் நிபுணர்கள், சீந்தில் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பத்திரிகையில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் குடித்தது உண்மையான சீந்தில்தானா, அதே இனத்தின் வேறொரு கொடியா என்று பார்க்கவில்லை என்பது அமைச்சகத்தின் வாதம். யார் சரி என்பது இருக்கட்டும். அமைச்சகத்தின் வாதத்தையே எடுத்துக்கொண்டாலும், கடையில் வாங்கிக் குடிக்கிறவனுக்கு எந்தக் கொடி என்று தெரியாது என்றுதான் அதற்கு அர்த்தம். அமிர்தத்துக்கும் அதன் போலிக்கும் ஒரே பெயர்.

பாங்கில் செக்கில் தொகையை எழுத்திலும் எண்ணிலும் எழுதச் சொல்கிறோம். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று 1881ஆம் வருஷத்துச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் செக்கைத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்பது வேறு. வைத்தியத்தில் இந்தச் சட்டம் தலைகீழாக இருக்க வேண்டும். எண்தான் செல்ல வேண்டும். அமிர்தம், பெருமருந்து, ராஜவைத்தியம் என்று எழுத்தில் என்ன இருந்தாலும் எண் இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பெருமருந்து என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஈசுவரமூலிக்கு அப்படியொரு பெயர் உண்டு. ஆடுதின்னாப்பாளையும் அதே இனம். 90களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இளைப்பதற்கென்று தந்த மாத்திரைகளில் இந்த இனத்துச் சீன மூலிகை ஒன்று கலந்திருந்து, பல பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இந்த இன மூலிகைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வரிசையில் வைத்தது. புற்றுக்கு மருந்தாகும் இலையும் புற்றை உண்டாக்கும் இலையும் நாட்டு மருந்துக் கடையில் அடுத்தடுத்த டப்பாக்களில் இருக்கலாம்.

பௌதிக நண்பர் இந்த இடத்தில் சந்தோஷப்படுவார். அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வழக்கமான சிகிச்சையோடு மாற்று வைத்தியமும் செய்துகொண்ட 258 பேரை, அப்படிச் செய்துகொள்ளாத 1032 பேரோடு ஒப்பிட்டார்கள். முதல் வகையினர் இறக்கும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் முதல் வகையினரில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்திருந்தார்கள், மற்றவர்களில் 3 சதவீதம்தான். கதிர்வீச்சை மறுத்தவர்கள் 53 சதவீதம், மற்றவர்களில் 2 சதவீதம். இந்த மறுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது இரு வகையினருக்கும் இருந்த வித்தியாசம் அநேகமாக மறைந்துவிட்டது. கொன்றது மூலிகை அல்ல. மூலிகை இருக்கிறதே என்று மற்றதை விட்டதுதான். ஆகவே 'எதையும் சாப்பிடாதே' என்று கத்துகிற டாக்டர் தவறான இடத்தில் கத்துகிறார். 'எதையும் நிறுத்தாதே, எதையும் மறைக்காதே' என்பதைத்தான் அவர் சொல்ல வேண்டும்.

மறைப்பதன் ஆபத்துக்கு இன்னொரு உதாரணம், அதுவும் தாவரத்தாலேயே ஆனது. சீனாவின் ஒரு மரத்திலிருந்து 1966இல் காம்ப்டோதெசின் என்ற பொருளை அமெரிக்காவில் வாலும் வானியும் எடுத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு மரத்திலும் அது இருப்பதை 1972இல் வெளியிட்டவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் கற்பித்தவர். அந்தப் பொருளிலிருந்து செய்த இரினோடிகான் குடல் புற்றுக்கு மருந்து. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையையும் சேர்த்துச் சாப்பிட்டால், இரினோடிகானின் வேலை செய்கிற பகுதி ரத்தத்தில் 42 சதவீதம் குறைகிறது என்று 2002இல் கண்டார்கள். மூலிகை ஈரலைத் தூண்டிவிடுகிறது, ஈரல் மருந்தை வேகமாக அழித்துவிடுகிறது. நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, உபாதை குறைந்தது என்று சந்தோஷம்கூடப் படலாம். ஒரு செடி இன்னொரு செடியைத் தோற்கடித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் தெரிந்தாலும் அத்தை ஏன் அந்தப் பாட்டிலை நாடினார் என்பதற்கு இது பதில் ஆகாது.

புற்று என்ற நம் வார்த்தையைப் பாருங்கள். மேல்நாட்டில் நோய்க்கு நண்டின் பெயர். நம் ஊரில் கறையான் புற்று. சூசன் சாண்டாக் தனக்குப் புற்றுநோய் வந்த பிறகு, 1978இல், நோயை உருவகமாக்காதீர்கள், நோயாளியின் மேல் அர்த்தங்களைச் சுமத்தாதீர்கள் என்று எழுதினார். நியாயமான கோபம். ஆனால் அவருடைய மொழியில் நண்டுக்கு யாரும் பாலும் முட்டையும் வைப்பதில்லை. நம் புற்றில் பாம்பு இருக்கிறது, அம்மன் இருக்கிறாள், மஞ்சள் பூசிக் கும்பிடுகிறோம். பயமும் பக்தியும் வார்த்தைக்குள்ளேயே இருக்கிறபோது, தன் உடம்பில் எழும்பிய புற்றுக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒருத்திக்குத் தோன்றாமல் இருக்காது. ஆஸ்பத்திரியில் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. கையை நீட்டிப் படுத்துக்கொள்ள வேண்டும். கஷாயம் என்றால் அடுப்பு உண்டு, சுண்டக் காய்ச்சுதல் உண்டு, நாலு டம்ளரை ஒரு டம்ளராக்கும் பொறுமை உண்டு. ஐம்பது வருஷம் சமையலறையில் நின்ற பெண்ணுக்கு நோயின்மேல் கிடைத்த ஒரே அதிகாரம் அது.

கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் நரசிபுரா என்ற கிராமத்தில் நாராயண மூர்த்தி என்ற நாட்டு வைத்தியர் மரப்பட்டை தந்துகொண்டிருந்தார். 2020இல் காலமானார். வியாழனும் ஞாயிறும் கொடுப்பார், ராத்திரியே போய் வரிசையில் படுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கிளையில் ஒரு காஷியர் மனைவிக்காக மூன்று தடவை போய்வந்தார். பட்டை என்ன செய்தது என்று அவர் பேசவே இல்லை. அந்த வரிசையைப் பற்றித்தான் பேசினார். பம்பாய்க்காரர், கேரளாக்காரர், டாக்டர் மகனைக் கூட்டி வந்த தாய், எல்லோரும் ஒரே தரையில். யாரும் இன்னும் எத்தனை மாதம் என்று கேட்கவில்லை என்றார். மனைவி இறந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு சொன்னது இது. அவர் அங்கே போய் வாங்கிவந்தது மருந்தல்ல என்று நினைக்கிறேன். அதை ஆஸ்பத்திரியில் எந்தக் கவுண்டரில் கேட்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

இந்த நகரத்துக்கு இது புதிய துக்கமல்ல. முத்துலட்சுமி ரெட்டி 1923இல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். அந்த இழப்பிலிருந்து வந்ததுதான் அடையாறு புற்றுநோய் நிலையம், 1954இல் 12 படுக்கைகளோடு. அதே 1954இல்தான் புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய சட்டமும் வந்தது. சட்டத்துக்கு 70 வயது தாண்டியும் சுவர்களில் விளம்பரம் இருக்கிறது. நிலையத்துக்கு எவ்வளவு படுக்கை கூடினாலும் வாசலில் கூட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பயப்படுகிறவனோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஆள் போதவில்லை. நாலு நிமிஷத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டிய டாக்டரைக் குறைசொல்லிப் பிரயோஜனமில்லை. ஆனால் மீதி நேரத்தை யாரோ எடுத்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

பாட்டில் விஷயத்துக்குப் பிறகு முறையாகச் சித்த மருத்துவம் படித்த ஒரு பெண் டாக்டரிடம் அத்தையைக் கூட்டிப்போனேன். அவர் முதலில் கேட்டது கீமோ சீட்டை. நாலு மருந்தையும் படித்தார். வின்கிரிஸ்டினைக் காட்டி, இது என்ன தெரியுமாம்மா, நித்தியகல்யாணி என்று அவரே சொன்னார். நான் சொன்னபோது நம்பாத அத்தை அவர் சொன்னதும் நம்பினார். ரசகந்தி மெழுகு போன்றவற்றைப் பற்றிக் கேட்டேன். ரசம், கந்தகம் என்று பெயரிலேயே இருக்கிறதே, கீமோ நடக்கும்போது ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இன்னொரு பாரம் வேண்டாம் என்றார். கஞ்சியும், குமட்டலுக்கு இஞ்சியும் சொன்னார். அமெரிக்காவில் 576 கீமோ நோயாளிகளிடம் பார்த்து, அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இஞ்சி குமட்டலைக் குறைக்கிறது என்று 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள் என்று கொடுத்தார். இரண்டு வைத்தியம் சேர்வது என்றால் நான் புரிந்துகொள்வது அந்தத் தாளைத்தான். எழுதப்பட்டிருந்தது, பெயரும் அளவும் இருந்தன, அடுத்தவர் படிக்கலாம். காட்டினோம். டாக்டர் படித்துவிட்டுச் சரி என்றார். முப்பது வினாடி ஆகியிருக்கும்.

தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடையாறுக்கும் தாம்பரத்துக்கும் இடையே எத்தனையோ பஸ் ஓடுகிறது. நோயாளிகள்தான் அதில் போய்வருகிறார்கள்; மருந்துச் சீட்டுகளும் போய்வர வேண்டும் என்பது என் ஆசை.

அத்தைக்கு ஆறு தடவையும் முடிந்தது. ஸ்கேனில் கட்டி இல்லை. இரண்டு வருஷமாகிறது. விரல் நுனி இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. வருகிறவர்களிடம் அவர் சொல்வது, நடுவில் கொஞ்ச நாள் குடித்த அந்தக் கறுப்புக் கஷாயம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று. நான் மறுப்பதில்லை, ஒத்துக்கொள்வதும் இல்லை. யாராவது தங்கள் வீட்டு நோயாளிக்காக அந்த வைத்தியரின் விலாசம் கேட்டால் மட்டும் எழுந்து போய், அவர்களுக்கு இந்தக் கணக்கு முழுவதையும் சொல்கிறேன். ஒரு அத்தை சாட்சியாக முடியாது, அவர் பிழைத்திருந்தாலும் சரி, இறந்திருந்தாலும் சரி. இலக்கியத்தில் ஒரே ஒரு வாழ்க்கை போதும், அதிலிருந்து எல்லாவற்றையும் பேசலாம். வைத்தியத்தில் ஒரு வாழ்க்கையிலிருந்து ஒன்றையும் பேச முடியாது. நாம் முதலாவதில் பழகிய வாயோடு இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறோம். கவிஞ நண்பரும் பௌதிக நண்பரும் டீக் கடையில் செய்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மரபா நவீனமா என்ற சண்டையைக் கவிதையில் போட்டுக்கொள்வோம், அங்கே யாருக்கும் ஈரல் கெடாது.